நால்வர் சுமந்த படுக்கை



மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 2ஆம் அதிகாரத்தை நம் சபையில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். கப்பர்நகூமில் ஒரு வீடு, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் ஜனங்கள், திமிர்வாதக்காரன் ஒருவனைச் சுமந்து வந்த நான்கு பேர், பிரிக்கப்பட்ட கூரை. கப்பர்நகூம் ஏரிக்கரை ஊர், வலையையும் படகையும் நம்பிப் பிழைத்தவர்களின் ஊர். பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு அந்த வீட்டையும் அந்த நெரிசலையும் நான் விளக்க வேண்டியதில்லை.

இப்பகுதியிலிருந்து பிரசங்கித்த போதெல்லாம் நான் அந்த நால்வரின் விசுவாசத்தைப் பற்றியே பேசினேன். அவர்களுடைய கைகள் செய்த வேலையைக் கவனிக்கவில்லை. அவனைக் கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கியிருக்கலாம். ஒருவர் தோள்மேல் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்திருக்கலாம். அவர்களோ அவனைப் படுக்கையிலிருந்து பிரிக்கவேயில்லை. படுக்கையோடு சுமந்தார்கள், படுக்கையோடு கூரைமேல் ஏற்றினார்கள், படுக்கையோடு இறக்கினார்கள். நான்கு மூலைகளும் ஒரே மட்டத்தில் இறங்கவில்லையென்றால் அவன் சரிந்து விழுந்திருப்பான். அவர்களுக்கு மருத்துவம் தெரிந்திருந்தது என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் அசைய முடியாத ஒரு சரீரத்தை எப்படி எடுத்துச் செல்ல வேண்டுமோ அப்படியே எடுத்துச் சென்றார்கள்.

இதை நான் கவனிக்கத் தொடங்கியது வேத ஆராய்ச்சியால் அல்ல. என் கைகள் செய்த ஒரு தவற்றால்.

சில ஆண்டுகளுக்கு முன், பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்திருந்த ஒரு தாயாருக்குத் திருவிருந்து கொடுக்க அவருடைய குப்பத்துக்குச் சென்றேன். பாயில் படுத்திருந்தவர் உட்கார்ந்து வாங்க ஆசைப்பட்டார். அப்போஸ்தலர் நடபடிகள் 3ஆம் அதிகாரத்தில், அலங்கார வாசலில் இருந்த சப்பாணியின் வலது கையைப் பேதுரு பிடித்து எழுப்பிய காட்சி என் மனதில் இருந்திருக்க வேண்டும். எனக்கு அருகில் இருந்த அவருடைய இடக்கையைப் பிடித்து, அன்போடுதான், இழுத்துத் தூக்கினேன். அவர் முகம் சுளித்தது. உட்கார்ந்தார், அப்பத்தையும் ரசத்தையும் வாங்கிக்கொண்டார், எனக்கு நன்றியும் சொன்னார். அன்றிரவு முதல் அந்தத் தோளில் வலி. பின்னர் அவரைப் பார்த்த இயன்முறை மருத்துவர் எனக்கு விளக்கிச் சொன்னார். தோள் மூட்டின் பந்தை அதன் கிண்ணத்தில் பிடித்து வைத்திருப்பவை சுற்றியுள்ள தசைகளே. பக்கவாதத்தில் அத்தசைகள் தளர்ந்துவிடுகின்றன. தளர்ந்த கையைப் பிடித்து இழுத்தால் பந்து இறங்கி, மூட்டு பாதி நழுவிவிடும். அந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கும். நீடித்தது. பேதுரு பிடித்த கை ஏற்கெனவே குணமாகிக்கொண்டிருந்த ஒரு சரீரத்தின் கை. நான் பிடித்ததோ செயலிழந்த கை. செய்கையை மட்டும் கற்றுக்கொண்டு வேலையைக் கற்காமல் போயிருந்தேன்.

அந்த வருத்தத்தோடுதான், நோயாளியைத் தூக்குவதும் புரட்டுவதும் நடத்துவதும் ஒரு கல்வியாக எப்போது மாறியது என்று தேடத் தொடங்கினேன். தேடிய இடத்தில் நமக்குத் தூரமில்லாத ஓர் ஊரின் வரலாறும், கர்த்தர் அங்கே பயன்படுத்தின ஒரு பெண்ணின் வரலாறும் கிடைத்தன. அதற்கு முன்னுரையாகச் சிறிது தூரம் பின்னே செல்ல வேண்டும்.

ஏறத்தாழ 3600 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எழுதப்பட்ட ஒரு மருத்துவச் சுருள் இன்றும் இருக்கிறது. 1862இல் அதை லக்சோரில் விலைக்கு வாங்கிய எட்வின் ஸ்மித் என்பவரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. கழுத்தெலும்பு பிசகி, கை கால்களை உணராமல் கிடக்கும் மனிதனை அச்சுருள் துல்லியமாக விவரிக்கிறது; விவரித்துவிட்டு, இது வைத்தியம் செய்யத் தக்கதல்ல என்று தீர்ப்பும் கூறிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் பெரிதாக மாறவில்லை. முதலாம் உலகப் போரில் முதுகெலும்பு முறிந்த வீரர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தார்கள். அவர்களைக் கொன்றது முறிவு அன்று. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். நாம் உறங்கும்போதும் நம்மையறியாமல் புரண்டுகொள்கிறோம். உணர்வற்ற உடலால் அது முடியாது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோல் நசுங்கும், இரத்த ஓட்டம் நின்றுபோகும், தசை செத்துப்போகும். வலி தெரியாதபடியால் நோயாளி முறையிடவும் மாட்டார்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் லுட்விக் குட்மன். நாஜி ஆட்சியிலிருந்து 1939இல் இங்கிலாந்துக்குத் தப்பிவந்த யூத மருத்துவர் அவர். 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயத்துக்கான பிரிவைத் தொடங்கினார். அவர் கொண்டுவந்த பெரிய புதுமை எதுவென்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். புது மருந்து அன்று, புது இயந்திரமும் அன்று. இரவும் பகலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது. அவ்வளவுதான். பிழைக்கமாட்டார்கள் என்று எழுதப்பட்டவர்கள் பிழைத்தார்கள், எழுந்து உட்கார்ந்தார்கள், 1948இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கின அதே நாளில் சக்கர நாற்காலியில் இருந்தபடி வில்வித்தைப் போட்டியும் நடத்தினார்கள். இன்றைய பாராலிம்பிக் அந்தப் புல்வெளியிலிருந்து வளர்ந்ததுதான்.

இனி வேலூர்.

கொல்லிமலையில் 1914இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் மடங்கிப்போன கைகளைப் பார்த்தபின் அவருடைய வாழ்க்கை திசைமாறியது. தொழுநோயாளியின் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்றே உலகம் நம்பியிருந்தது. பிராண்ட் கண்டறிந்தது வேறு. நோய் உணர்வைப் பறிக்கிறது. உணர்வற்ற விரலைச் சூடான பாத்திரமும் ஆணியும் காயமும் தின்றுவிடுகின்றன. நல்ல தசையின் நாரை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டும் அறுவைச் சிகிச்சையை அவர் செய்தார். ஆனால் கத்தியோடு வேலை முடிந்துவிடுவதில்லை. இடம் மாறிய தசைக்கு அதன் புதிய வேலையை ஒவ்வொரு நாளும் பயிற்சியளித்துக் கற்பிக்க வேண்டும். அப்படித்தான் வேலூரில் அறுவைச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் ஒன்றையொன்று கைபிடித்து நடக்கத் தொடங்கின.

அந்தக் கல்லூரியில் அப்போது இளம் மருத்துவராயிருந்தவர் மேரி வர்கீஸ். 1925இல் கொச்சியில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பெண்களுக்கான மருத்துவத்தில் தேற விரும்பியிருந்தார். 1954 ஜனவரியில், உடன் பணிபுரிந்த மருத்துவர்களோடு அவர் சென்ற வாகனம் கவிழ்ந்தது. முகத்தில் ஆழ்ந்த காயம். தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. நேற்று வரை நோயாளிகளின் படுக்கையருகே நின்றவர், இன்று மற்றவர்கள் புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய நோயாளியானார்.

இந்த இடத்தில் நாம் அவசரப்பட்டு சாட்சியின் வெற்றிப் பகுதிக்குத் தாவிவிடுகிறோம். சற்று நில்லுங்கள். மாதக்கணக்கில் ஒரு மருத்துவர் மல்லாந்து கிடந்து, தம்மைப் புரட்டும் கைகளுக்காகக் காத்திருந்தார். எந்தக் கை அறிந்து தொடுகிறது, எந்தக் கை அறியாமல் தொடுகிறது என்று அவரைப்போல் அறிந்த மருத்துவர் அந்நாட்களில் இந்தியாவில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

சக்கர நாற்காலியில் உட்காரும் நிலை வந்தபோது, உட்கார்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்யலாமே என்று பிராண்ட் அவரை அழைத்தார். கையில் செய்யும் அறுவைச் சிகிச்சையை மருத்துவர்கள் எப்படியும் உட்கார்ந்துதானே செய்கிறார்கள்! மேரி தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கத் தொடங்கினார். நினைத்துப் பாருங்கள்: கால்களில் உணர்வற்ற மருத்துவர், விரல்களில் உணர்வற்ற நோயாளியின் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவர் தள்ளுவண்டியில் வருவதைக் கண்ட நோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சைக்கு முன்பே ஏதோ ஒன்று குணமாகியிருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு.

பின்னர் அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நம்மில் பலர் வேலை என்றே எண்ணாத காரியங்கள் அங்கே பாடங்களாயிருந்தன: படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நாற்காலியிலிருந்து வண்டிக்கு மாறுவது, சாய்ந்துவிடாமல் உட்காருவது. அங்கிருந்து அவருடைய பார்வை விரிந்தது. தம் கைகளால் தம்மைத் தூக்கிக்கொள்ள ஒரு மருத்துவருக்கே வெளிநாடு செல்ல வேண்டியிருந்ததென்றால், பனைமரத்திலிருந்து விழுந்தவர்களும் கிணற்றில் விழுந்தவர்களும் எங்கே போவார்கள்? நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1963இல் வேலூரில், நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இந்தியாவின் முதல் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குப் பொறுப்பேற்றார். 1966இல் பாகாயத்தில் அதற்கென்றே ஒரு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தது. 1986 டிசம்பரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முன்னர் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் மறுபடியும் ஒன்றுகூடும் ரீஹாப் மேளா இன்றும் வேலூரில் நடைபெறுகிறது.

இவ்வகை நிலையங்களில் நோயாளிக்கு மட்டுமல்ல, உடன் வந்த மனைவிக்கும் தாய்க்கும் மகனுக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். வீட்டில் தூக்கப்போகிறவர்கள் அவர்கள்தாமே. அந்தப் பாடம் நம் ஏரிக்கரைக்கும் வந்து சேர வேண்டும் என்பதே என் பாரம். முகத்துவாரத்தில் அலை புரட்டிப்போட்ட படகின் அடியிலிருந்து மீட்கப்படுகிறவர்கள் நம்மிடையே உண்டு. இளம் வயதிலேயே இரத்தக் கொதிப்பு முற்றிப் பக்கவாதத்தில் விழுகிறவர்களும் உண்டு. இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுமுன் முதலில் தொடுவது உங்கள் கைகளே. அதுவும், படகேறினால்தான் பெரிய கரையை அடையலாம் என்ற குப்பங்களில் அந்த முதல் பயணமே நீண்ட பயணம்.

ஆகவே நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவர் என்று சந்தேகம் வந்தாலே அவரை உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்கவென்று தலையைத் தூக்காதீர்கள். அக்குளில் ஒருவரும் காலில் ஒருவருமாகப் பிடித்தால் நடுமுதுகு தொட்டில்போல் வளையும்; மிச்சமிருக்கும் தண்டுவடமும் அந்த வளைவில் அறுந்துபோகலாம். மூச்சுவிடுகிறவராகவும் ஆபத்தில்லாத இடத்திலும் இருந்தால், 108 வண்டி வரும்வரை அசைக்காமல் விடுவதே நல்லது. அசைத்தே தீர வேண்டுமானால் ஒருவர் தலைமாட்டில் முழங்காலிட்டு, தலையையும் கழுத்தையும் இரு கைகளாலும் நேராகப் பிடிக்க வேண்டும். மற்ற மூவர் ஒரே பக்கத்தில் இருந்து தோள், இடுப்பு, கால் ஆகியவற்றைப் பிடித்து, ஒரு மரக்கட்டையைப் புரட்டுவதுபோல் முழு உடலையும் ஒரே வீச்சில் பக்கவாட்டில் புரட்டி, முதுகின்கீழ் பலகையை வைத்து மறுபடி மல்லாத்த வேண்டும். கட்டளை கொடுக்கிறவர் தலைமாட்டில் இருப்பவர் ஒருவரே. இதை உங்களுக்குச் சொல்லித்தர வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டுமோ? படகைக் கரையேற்றும்போது ஒருவர் அம்பா பாட, எல்லாத் தோள்களும் ஒரே மூச்சில் தள்ளுகின்றனவே. ஒரு தோள் முந்தினாலும் படகு சாய்ந்துவிடும் என்று சிறுபிள்ளைகளுக்கும் தெரியுமே. நால்வர் போதும் என்பதையும் கவனியுங்கள். மாற்கு எழுதிய எண்ணிக்கையும் அதுவே.

பக்கவாதக்காரரை எழுப்புவது வேறு வகை. அங்கே நீங்கள் தூக்க வேண்டாம். அவர் எழ நீங்கள் துணைநிற்க வேண்டும். முழங்கால்களை மடக்கச் செய்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கால்களைக் கட்டிலின் விளிம்புக்குக் கீழே இறக்கி, நல்ல கையை ஊன்றி அவரே எழும்பும்படி தோள்பட்டையின் பின்புறத்திலும் இடுப்பிலும் தாங்குங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. நாற்காலிக்கு மாற்றுவதானால் நாற்காலியை அவருடைய நல்ல பக்கத்தில், கட்டிலை ஒட்டி வையுங்கள். சக்கரம் இருந்தால் பூட்டுங்கள். இரு பாதங்களும் தரையில் பதியட்டும். நீங்கள் எதிரே நெருங்கி நின்று, தளர்ந்த முழங்காலை உங்கள் முழங்காலால் அணைகொடுத்து, அவருடைய இடுப்பைப் பற்றுங்கள். ஒரு துண்டை இடுப்பில் இறுகக் கட்டினால் பிடிமானம் கிடைக்கும். அவர் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள அனுமதிக்காதீர்கள். இருவரும் சேர்ந்து விழ அதுவே வழி. உங்கள் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தாழ்ந்து, மூன்று எண்ணி, அவர் முன்னே சாய்ந்து எழும்போது உடன் எழுங்கள். வலை இழுத்தே முதுகு தேய்ந்தவர்கள் நம் மனிதர். ஒரு நோயாளியைத் தூக்கப்போய் வீட்டில் இரண்டு நோயாளிகள் ஆன கதை நமக்குப் புதிதல்ல.

எழவே முடியாமல் கிடப்பவர்களுக்குக் குட்மனின் 2 மணி நேரத்தை மறவாதீர்கள். கடிகாரம் பார்த்துப் புரட்டுங்கள். புரட்டும்போது பாயின்மேல் தரதரவென்று இழுக்காமல், அடியிலிருக்கும் விரிப்போடு இருவராகத் தூக்கி நகர்த்துங்கள். இரவுமுறை வைத்துக்கொண்டு இதைச் செய்ய ஒரு மருமகளால் மட்டும் முடியாது. நம் வாலிபர் சங்கமும் பெண்கள் ஐக்கியமும் கிறிஸ்துமஸ் கீதபவனிக்கு வீடு வீடாக முறைபோட்டுக்கொள்வதுபோல் இதற்கும் முறைபோடலாம் என்பது என் விண்ணப்பம்.

அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் வீட்டில் படுத்திருப்பவர்களின் பெயரைச் சுகாதார நிலையத்தில் பதிவுசெய்யுங்கள். வருகிறவரிடம், அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், எங்கள் கையால் செய்துகாட்டுகிறோம், சரியா பாருங்கள் என்று கேளுங்கள். கட்டுரையில் வாசித்ததை அவருக்கு முன்னால் ஒருமுறை செய்து பார்த்தபின் தனியே செய்யுங்கள்.

அந்தத் தாயாரின் வீட்டுக்குச் சென்ற மாதமும் திருவிருந்தோடு போயிருந்தேன். இப்போது கயிற்றுக்கட்டில் போட்டிருக்கிறார்கள். நான் பழக்கதோஷத்தில் இடப்பக்கமாக நெருங்கினேன்.

“ஐயா, அந்தக் கைய விட்டுடுங்க. இப்டி வந்து நில்லுங்க,” என்றார்.

சொன்ன இடத்தில் போய் நின்றேன். தோள்பட்டையின் பின்னால் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கால்களை இறக்கி, வலக்கையை ஊன்றி, மெல்ல எழுந்து உட்கார்ந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “இப்ப குடுங்க” என்று அதே கையை நீட்டினார்.